நாய் வயிற்றில் நெய்ச்சோறு

"நாய் வயித்துல நெய்ச்சோறு தங்குமா?" என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு சொலவடை. தகுதியில்லாதவனுக்கு வசதி வந்தால் நிலைக்காது என்று குத்திக் காட்டப் பெரியவர்கள் சொல்வது. ஆனால் நண்பர்களே, சில நாய்களுக்கு இது சொலவடை அல்ல, வியாதி! நெய்ச்சோறு மட்டுமல்ல, வெறுஞ்சோறும் கறியும் முட்டையும்கூட அவற்றின் வயிற்றில் தங்குவதில்லை. தின்றது தின்றபடி வெளியே வந்துவிடும். இப்படிப்பட்ட நாய்கள்தான் முதலில் வீட்டைவிட்டுத் தள்ளப்படுகின்றன; யாரும் தத்தெடுக்காமல் கடைசிவரை கிடப்பதும் இவைதான். இவற்றை எடுத்து வளர்க்கலாமா, கூடாதா? வளர்க்கலாம் என்பது என் கட்சி. ஆனால் பாவம் பார்த்து வளர்க்கக் கூடாது என்பதும் என் கட்சிதான். என்னடா இவன் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறானே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அல்சேஷன் என்று நாம் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தை எடுத்துக்கொள்வோம். குட்டியாக இருக்கும்போது ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டும் மாட்டியாகிவிடுகிறது. ஒரு வயசு, ரெண்டு வயசு ஆகும்போது சில நாய்கள் இளைக்க ஆரம்பிக்கின்றன. தட்டு தட்டாகத் தின்கிறது, ஆனால் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை மலம். அதுவும் வெளிறிய மஞ்சளாக, மாட்டுச்சாணி அளவுக்கு, எண்ணெய்ப் பசையோடு. நாற்றம் தெருமுனை வரைக்கும்! போதாக்குறைக்கு அந்த மலத்தையே திரும்பத் தின்னப் பார்க்கும். ரோமம் மங்கிப்போகும், வயிறு கடமுடா என்று கத்திக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் என்ன செய்வார்? "எவ்வளவு போட்டாலும் ஒட்டாத நாய்" என்பார். ஒரு நாள் ராத்திரி கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இரைப்பைக்குப் பக்கத்தில் கணையம் என்று ஓர் உறுப்பு. இன்சுலின் சுரக்கிற உறுப்பாக நமக்கு அதைத் தெரியும். அதற்கு இன்னொரு டிபார்ட்மெண்டும் உண்டு. கொழுப்பைப் பிரிக்க லைபேஸ், புரதத்துக்குப் புரோட்டியேஸ், மாவுச்சத்துக்கு அமிலேஸ் என்று நொதிகளைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. அல்சேஷன்களில் இந்த நொதி சுரக்கும் பகுதி சுருங்கிப்போவது மற்ற இனங்களைவிட அதிகம், பரம்பரையாக வருவது. ஏறக்குறைய 90 சதவீதம் அழிந்த பிறகுதான் வெளியே தெரியும். மெக்கானிக்கல்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: டேங்க் நிறைய டீசல் இருக்கிறது, எரிய மாட்டேன் என்கிறது, எரியாத டீசல் சைலன்சர் வழியாகப் புகையாய்ப் போகிறது, வண்டி மேடு ஏறவில்லை. வண்டியைக் காயலான் கடையில் போடுவோமா, இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்ப்போமா?

எங்கள் வீட்டுக்கு வந்த ராணியும் பைபாஸில் இறக்கிவிடப்பட்டவள்தான். வந்த அன்று எடை 16 கிலோ. அந்த இனத்துப் பெட்டை 22 கிலோவுக்குக் குறையக் கூடாது. பக்கத்து வீட்டுத் தாத்தா பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது இன்னும் பத்து நாள் தாங்குமா? எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். கால்நடை டாக்டர் எடுத்த எடுப்பில் கணையம் என்று சொல்லவில்லை. அதுதான் சரியான முறையும்கூட. முதலில் மலப் பரிசோதனை, பிறகு குடற்புழு மாத்திரை. தெருவில் கிடந்த நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் கொக்கிப்புழுவாக இருக்கலாம், ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாக இருக்கலாம், குடல் அழற்சியாக இருக்கலாம், ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளாததாகவும் இருக்கலாம். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் ராத்திரி பட்டினி போட்டுக் காலையில் ரத்தம் எடுத்து டி.எல்.ஐ. என்ற சோதனைக்கு அனுப்பினார். கணையம் வேலை செய்கிறதா இல்லையா என்பதை ரத்தத்திலேயே காட்டிக் கொடுக்கிற சோதனை அது. எங்கள் ஊர் லேபில் கிடையாது. வெளியூருக்குப் போய் ரிசல்ட் வர ஒரு வாரம் ஆனது. கூடவே வைட்டமின் பி12 அளவும் பார்த்தார். நாயின் உடம்பு பி12-ஐ இழுத்துக்கொள்ள உதவுகிற பொருளும் பெரும்பாலும் கணையத்திலிருந்துதான் வருகிறதாம். கணையம் போனால் அதுவும் போச்சு!

வைத்தியம் என்ன? குணப்படுத்துவது என்பது கிடையாது. நாய் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் நொதிப் பவுடரைக் கலந்து வைக்க வேண்டும். மறந்தால் அந்த வேளைச் சாப்பாடு வீண். பி12 ஊசி வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம், அப்புறம் டாக்டர் சொல்கிறபடி. பவுடர் விலை அதிகம் என்பதால் பச்சைக் கணையம் கொடுப்பவர்களும் உண்டு. பச்சை மாமிசத்தில் கிருமி பயம் இருப்பதால் டாக்டரிடம் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. கறிக்கடையில் போய் "கணையம் கொடுங்கண்ணே" என்றால் அவர் சுவரொட்டியை எடுத்து நீட்டினார்! அது மண்ணீரல். கையால் காட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. வாங்கியதை வேக வைத்தாலும் போச்சு, சூட்டில் நொதி செத்துவிடும். பொடியாக நறுக்கி வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீஸரில் வைக்கலாம். குளிரில் நொதி கெடுவதில்லை. அந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் வைக்க எங்கள் அம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். கொதிக்கிற சோற்றில் பவுடரைப் போட்டாலும் இதே கதைதான். ஆறிய சோற்றில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நன்றாகப் பிசைய வேண்டும். சரியாகப் பிசையாத உலர்ந்த பவுடர் நாயின் வாயையே புண்ணாக்கும்.

ராணிக்கு முதல் வாரத்திலேயே மலம் கெட்டிப்பட்டது. ஐந்து மாதத்தில் 25 கிலோ. அந்தத் தாத்தா இப்போது எங்கள் வாசலைத் தாண்டும்போது குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு போகிறார்! எல்லா நாயும் இப்படித் தேறிவிடும் என்று சொல்ல மாட்டேன். பவுடர் கொடுத்தும் எடை ஏறாத நாய்கள் உண்டு.

இனி, பாவம் பார்ப்பது பற்றி. எலும்பும் தோலுமாக ஒரு நாயைப் பார்த்தவுடன் நம் பசங்க செய்கிற முதல் காரியம் என்ன? டீக்கடையில் ஒரு பால் பாக்கெட், ஒரு பன். ராத்திரியாக இருந்தால் புரோட்டாவும் சால்னாவும். போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போட்டோ. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் செரிக்காது. ஏற்கெனவே பேதியில் கிடக்கும் நாய்க்குப் பால் ஊற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. சால்னாவில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியவை. பிறந்தநாள் கேக்கில் இருக்கிற திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். நமக்கு மனசு நிறைகிறது, அதற்கு வயிறு கழிகிறது. இதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரேக்டவுன் மெயின்டனன்ஸ், பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று இரண்டு படிக்கிறோமே, தெருவில் நினைத்தபோது சோறு போடுவது முதல் வகை. நாள்பட்ட வியாதி உள்ள நாய்க்கு வேண்டியது இரண்டாவது. எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, சாப்பாடு எத்தனை கிராம், பவுடர் எத்தனை ஸ்பூன், மலம் எப்படி, வாரக் கடைசியில் எடை. நாம் சப்மிஷனுக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறோமே அந்த அப்சர்வேஷன் நோட் மாதிரி இல்லை, உண்மையாகவே அன்றன்றைக்கு எழுதுவது! டாக்டர் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டைத்தான் பார்க்கிறார்.

"மனுஷனுக்கே மருந்து வாங்கக் காசில்லை, நாய்க்கு எதுக்குடா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சமாளித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எங்களுக்கு மாதம் 2,500 ரூபாய்க்குக் குறைவதில்லை. அப்பா அதைச் சீட்டுப் பணம் மாதிரி முதல் தேதியே எடுத்து வைத்துவிடுகிறார். வருமானம் இல்லாத ஒரு டிப்ளமோ மாணவன் தனி ஆளாக இதைச் செய்ய முடியாது. செய்யவும் கூடாது. காசைவிட முக்கியமாக இன்னொன்று: "நாய் வளர்க்கிறேன்" என்று மார்தட்டுகிற பசங்களில் பாதிப் பேர் வீட்டில் உண்மையில் வளர்ப்பது அம்மாதான். வாசலைக் கழுவுவதும் அவர்தான், சோறு பிசைவதும் அவர்தான். எனவே நாயைக் கேட்பதற்கு முன் அம்மாவைக் கேளுங்கள். நமக்கென்ன, இறுதியாண்டு முடித்தவுடன் ஓசூரோ ஸ்ரீபெரும்புதூரோ கிளம்பிவிடுவோம். ஷிப்டில் நிற்கும்போது இங்கே பவுடர் கலப்பது யார்? அதற்குப் பதில் சொல்ல முடியாதவன் எடுக்காமல் இருப்பதே நாய்க்குச் செய்கிற உபகாரம். எடுத்து ஆறு மாதம் கழித்து மறுபடி பைபாஸில் விடுகிறவனுக்கும் முதலில் விட்டவனுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் வசதியும் மனசும் உள்ள வீடுகள் "எடுத்தால் நல்ல ஆரோக்கியமான குட்டியாகத்தான் எடுப்போம்" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆரோக்கியமான குட்டிக்கு ஆள் எப்படியும் கிடைக்கும். "ஊசி போட்டு அனுப்பிடலாமே" என்பதும் எனக்கு உடன்பாடில்லை. வைத்தியமே இல்லாமல் வலியில் துடிக்கிற நாய்க்கு டாக்டரே அப்படிச் சொன்னால் அது வேறு. ஒரு ஸ்பூன் பவுடரில் ஓடி விளையாடக்கூடிய நாய்க்கு எதற்கு அந்த ஊசி?

இப்போது நம் வளாகத்து விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகத்தில் சேர்க்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்பது உத்தரவு. மாணவர்கள் கடிபடாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெறிநோய் முற்றினால் மனிதன் பிழைப்பதில்லை. கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதைச் சின்னதாக நினைக்கிறவன் முட்டாள். ஆனால் காப்பகத்தில் நூறு நாய்க்கு ஒரே அண்டாவில் சோறு வடிக்கும்போது, வயிற்று வியாதிக்கார நாய்க்குத் தனியாக அளந்து, தனியாகப் பிசைந்து வைப்பது யார்? மற்ற நாய்கள் அங்கே எப்படியோ ஓட்டிவிடும். இதனால் ஓட்ட முடியாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவில், விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் கதவுதான் இந்த நாய்களுக்குத் திறந்திருக்கிற கதவு.

கேன்டீன் பின்புறம் படுத்திருக்கும் செவலையை எல்லோருக்கும் தெரியும். எலக்ட்ரிக்கல் இரண்டாமாண்டுத் தம்பிகள் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு அதற்கு மலப் பரிசோதனை எடுத்து, புழு மாத்திரை கொடுத்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிட்டார்கள். சபாஷ்! ஆனாலும் இரண்டு மாதமாகப் பேதி முழுதாக நிற்கவில்லை. டாக்டர் சொல்வது இதுதான்: இது கணையம் மாதிரித் தெரியவில்லை, குடல் அழற்சியாக இருக்கலாம். சோறும், இதுவரை அது தின்று பழகாத ஒரே வகை மாமிசமும் மட்டும் கொடுத்துக் குறைந்தது இரண்டு வாரம் பார்க்க வேண்டும், நடுவில் வேறு ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது. இங்கே இருந்துகொண்டு அது நடக்கிற காரியமா? காலையில் ஒருத்தர் போண்டா, மத்தியானம் ஒருத்தர் சாம்பார் சாதம், சாயங்காலம் முறுக்கு! கேட்டால் "பாவம்டா" என்கிறார்கள்.

ஏப்ரல் தேர்வு முடிந்ததும் ஹாஸ்டல் காலியாகிவிடும். அதற்கு முன் செவலைக்கு ஒரு வீடு வேண்டும். காம்பவுண்ட் சுவரும், சம்மதிக்கிற அம்மாவும், வாரம் ஒரு முறை டாக்டரிடம் கூட்டிப் போக ஒரு ஆளும் இருக்கிற வீடாக இருக்க வேண்டும். எடுக்க நினைப்பவர்கள் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு 'பி' செக்‌ஷனில் வந்து என்னைப் பாருங்கள். ராணியின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். முதல் மாத டாக்டர் செலவை இரண்டாமாண்டுத் தம்பிகள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் யாரும் அதற்கு முறுக்கு போட வேண்டாம்.