சாமி பேரைச் சொல்லி வைத்தியம் பரப்பாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கோயில் புலனக் குழுவில் எழுதினா அடுத்த வீடியோ வந்து மூடிடும், அதனாலதான் இங்க எழுதுறோம்.

சமீபத்துல நம்ம வட்டாரத்துல ஒருத்தர் மாரடைப்பில் தவறிட்டார். காரியம் முடியறதுக்குள்ள குழுவில் ஒரு ஆடியோ. எல்லாம் அந்தக் கோவிட் ஊசியால வந்ததாம். பேசுறது யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. கடைசியில ‘ஓம் நமசிவாய’ன்னு முடிச்சிருக்கு, அது போதும், பத்துப் பேர் கைகூப்பிப் போட்டுட்டாங்க. கோவிட் அடங்கிடுச்சு, இந்த வியாதி அடங்கல.

நடிகர் விவேக்கை மறந்திருக்க மாட்டீங்க. 2021 ஏப்ரல் 15-ல் சென்னையில ஊசி போட்டுக்கிட்டார், 17-ல் இறந்துட்டார். செமோர்ல இருக்கிற பாட்டி வரைக்கும் செய்தி வந்து சேர்ந்துச்சு. இங்க ஏப்ரல் 19-ல்தான் 60 வயசு தாண்டினவங்களுக்கு ஊசி ஆரம்பம். நாங்க வீடு வீடாப் போய் மைசெஜாத்ராவில் பேர் பதிஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்தோம். பேர் கொடுத்த பெரியவங்களே, “விவேக்குக்கே அப்படி ஆயிடுச்சே தம்பி”ன்னு கதவைச் சாத்தினாங்க. அவங்க மேல கோபம் இல்ல, பயம்தானே. அவர் இதய ரத்தக் குழாயில முழு அடைப்புன்னு மருத்துவமனை அப்பவே சொல்லிடுச்சு. இந்திய அரசாங்கக் குழுவும் விசாரிச்சு, சாவுக்கு ஊசி காரணம் இல்லைன்னு அக்டோபர்ல சொன்னது. அதை யாராவது ஃபார்வர்ட் பண்ணீங்களா? எங்களுக்கு ஒண்ணுகூட வரல.

எங்கள்ல பாதிப்பேர் ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்க. திங்கக்கிழமை எண்ணெய் போட்ட மெஷின் செவ்வாய்க்கிழமை நின்னா, எண்ணெய்தான் காரணம்னு ரிப்போர்ட் எழுத முடியுமா? பெல்ட்டைப் பார்த்தியா, பேரிங்கைப் பார்த்தியான்னு மேனேஜர் கேப்பார். மெஷினுக்குக் கேக்கிற கேள்வியை மனுஷனுக்கு ஏன் கேக்க மாட்டேங்கிறோம்? ஊசிக்குப் பக்கவிளைவே கிடையாதுன்னு நாங்க சொல்லல. சில ஊசிகளால அபூர்வமா, முக்கியமா இளவயசு ஆம்பளைங்களுக்கு, இதயத் தசையில வீக்கம் வந்திருக்கு. அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதும் மருத்துவர்கள்தான், ஆடியோக்காரர் இல்ல.

அப்புறம் அந்த ஐவர்மெக்டின். பூச்சி மருந்து. அரசாங்கம் மறைக்குது, ஊசிக் கம்பெனிக்கு நஷ்டம் வரும்னு மறைக்குதுன்னு எத்தனை மெசேஜ்! கள்ளத்தனமா வித்தாங்க, நம்ம ஆளுங்களும் வாங்கினாங்க. மறைச்சாங்களா? நம்ம நாட்டு 20 அரசாங்க மருத்துவமனைகள்ல 2021-லயே சோதிச்சுப் பார்த்தாங்க. தலைமை தாங்கினவர் வேற எங்கயும் இல்ல, ஈப்போ பெரியாஸ்பத்திரி டாக்டர் ஸ்டீவன் லிம். 50 வயசு தாண்டின, வேற நோயும் இருக்கிற 490 பேர். மருந்து சாப்பிட்ட 241 பேர்ல 52 பேருக்கு நோய் முத்துச்சு, சாப்பிடாத 249 பேர்ல 43 பேருக்கு. நோய் முத்துறதை அந்த மருந்து தடுக்கலைன்னு 2022 பிப்ரவரியில வெளியிட்டாங்க. பக்கத்து ஊர்ல நடந்த ஆராய்ச்சி நமக்குத் தெரியாது, எவனோ அமெரிக்காவுல பேசின வீடியோ தெரியும்.

கஷாயத்தை நாங்க குறை சொல்லல. கபசுரக் குடிநீர் தமிழ்நாட்டு அரசாங்கமே கொடுத்தது, ஆனா அதே அரசாங்கம் ஊசியும் போட்டது. இப்போ அதே வாய்கள் இனிப்புநீருக்கு வந்திருக்கு. ஏதோ இலைச்சாறு நாற்பது நாள் குடிச்சா மாத்திரையை நிறுத்திடலாமாம். 2019 சுகாதார ஆய்வுப்படி நாட்டுல இந்தியர்கள்லதான் இனிப்புநீர் அதிகம், பெரியவங்கள்ல நூத்துக்கு 31 பேருக்கு. பந்தியில உக்காந்திருக்கிற நம்ம வரிசையை எண்ணிப் பாருங்க, மூணுல ஒருத்தர். அவர் மாத்திரையை நிறுத்தி, காலை எடுக்கிற நிலைமை வந்தா, ஃபார்வர்ட் பண்ணவர் வந்து தூக்கிட்டுப் போவாரா? டயாலிசிஸுக்கு வாரம் மூணு தடவை வண்டி ஓட்டுறது யாரு?

கோவிட்ல நம்ம நாட்டுல 36,000 பேருக்கு மேல போயிட்டாங்க. கடைசியா முகம்கூட பார்க்காம அனுப்பி வெச்ச குடும்பங்கள் இந்தக் குழுவிலேயே இருக்காங்க. அவங்க கண்ணுல படுற இடத்துல ‘கோவிட்னே ஒண்ணு கிடையாது’ன்னு வீடியோ போடுறீங்களே, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

அதனால நாங்க முடிவு பண்ணிட்டோம். வர்ற வெள்ளிக்கிழமையில இருந்து, யார் சொன்னதுன்னு பேரில்லாத மருத்துவச் செய்தி எதுவும் கோயில் குழுவில் இருக்காது. அனுப்பினவர் தலைவரா இருந்தாலும் சரி, தவில்காரரா இருந்தாலும் சரி, அழிச்சிடுவோம். கோயில் வாசல்ல மருந்து டப்பா விக்கிறதும் நின்னுச்சு. கோபப்படுறவங்க பூசை முடிஞ்சு வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்.