எரிசக்தி ஆராய்ச்சி தொழுவத்துக்கும் வரணும்

நாளைய எரிசக்தி என்றாலே சூரியத் தகடு, காற்றாலை, ஹைட்ரஜன் என்றுதான் பேச்சு. அதெல்லாம் வரட்டும். நம்ம தொழுவத்துச் சாணத்தை யார் ஆராய்வது?

1 கிலோ பசுஞ்சாணம் சுமார் 40 லிட்டர் எரிவாயு தரும். வரட்டியாக எரித்தால் தழைச்சத்து புகையோடு போச்சு. கலனில் கரைத்தால் அடுப்பும் எரியும், கரைசல் உரமாக நிலத்துக்கும் திரும்பும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்ட்ரா’ குழு, கர்நாடகத்தின் புரா கிராமத்தில் ஒரு பாடம் கற்றது. சமையலுக்கு எரிவாயு தர முனைந்தார்கள். எல்லா அடுப்புக்கும் சாணம் காணவில்லை. ஊர் கேட்டது குடிதண்ணீரும் விளக்கும்தான். டீசலோடு அந்த எரிவாயுவையும் சேர்த்து எஞ்சின் ஓட்டி, 1987 முதல் இரண்டையும் கொடுத்தார்கள். சாணம் கொடுத்தவருக்குக் காசும் வந்தது, கரைசலும் திரும்பியது. ஊரைக் கேட்ட பிறகுதான் ஆராய்ச்சி பலித்தது.

நம்ம திருவள்ளூரில் இன்று பல வீடுகளில் இரண்டு மாடுதான். 20 கிலோ சாணம், 800 லிட்டர் வாயு. குடும்பச் சமையலுக்கு இது பற்றாது. காய்கறிக் கழிவும் வைக்கோலும் சேர்த்துச் செரிக்கிற சின்னக் கலன் வேண்டும். அதை ஆராய, திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கு. செய்துதர, பழுது பார்க்க, காக்களூர் தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருக்கு. சேர்த்துவைக்க ஆள்தான் இல்லை.

அந்த ஆள் நாமாக இருப்போம். அடுத்த முறை திரூருக்கு விதைநெல் வாங்கப் போகும்போது, இதையும் கேட்டுட்டு வாங்க.