பாம்புக்கடி: பிழைத்த பிறகும் ஒரு காய்ச்சல்

தர்மபுரி மாவட்டத்தில் வயல்காட்டில் பாம்பு கடித்தவர், ஊசி போட்டுப் பிழைத்து வீடு திரும்புகிறார். அத்தோடு முடிந்ததா? இல்லை.

விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. அந்தக் குதிரைப் புரதத்தை எதிர்த்து உடல் ஆன்டிபாடி உண்டாக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். இதுதான் 'இம்யூன் காம்ப்ளெக்ஸ்'. அது மூட்டிலும் தோலிலும் படிந்தால், 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வரலாம். வியன்னா மருத்துவர்கள் பிர்கேயும் ஷிக்கும் 1905-லேயே 'சீரம் நோய்' என்று இதை விளக்கிவிட்டார்கள். பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

விஷயம் தெரியாதவரோ, விஷம் இன்னும் இறங்கவில்லை என்று மந்திரிக்கப் போகலாம். அடுத்தமுறை ஊசியே வேண்டாம் எனலாம். ஆபத்து அங்கேதான்.

2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்லது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் தமிழில் இரண்டு வரி வேண்டும்: "காய்ச்சல், மூட்டுவலி வந்தால் திரும்ப வாருங்கள். உயிரைக் காத்தது இந்த ஊசிதான்."