முதல் கடினத்தில் நின்றுவிடும் துளை

நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் சுண்ணாம்புப் பாறை கிடையாது. ஆகவே சுண்ணாம்பு நிலத்தில் கட்டுவதற்கான நிலவியல் ஆய்வு நெறிகள் இப்பகுதி மாணவர்க்குத் தேர்வுக்கு மட்டுமே உரியவை. இப்படியோர் எண்ணம் கட்டடப் பொறியியல் கற்பிப்போரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இதன் முற்பாதி உண்மை. பிற்பாதி ஆபத்தான பிழை.

முற்பாதியை மறுக்க வேண்டியதில்லை. களியக்காவிளையின் இருபுறமும் அடியில் கிடப்பவை கொண்டலைட்டும் சார்னோகைட்டும். அவற்றின் மேல் வெட்டுக்கல். 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட மாநில எல்லை இப்பாறைகளைப் பிரிக்கவில்லை. சுண்ணாம்புப் பாறையைக் காண, வடக்கே கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் கரையிலுள்ள படப்பக்கரை போன்ற இடத்திற்குச் செல்ல வேண்டும்.

ஆனால் சுண்ணாம்பு நிலம் கற்பிக்கும் பாடம் சுண்ணாம்பைப் பற்றியது மட்டுமன்று. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்அமிலமாகும் மழைநீர், பாறையின் பிளவுகள் வழியே இறங்கி அதைக் கரைக்கிறது. ஓரிடத்தில் பாறை கூர்முனையாக எஞ்சும். இரண்டடி தள்ளி அதுவே ஆழ்ந்த களிமண் பிளவாக இருக்கும். கடினமான கூரைக்கு அடியில் வெற்றுப் பொந்து இருக்கும். பொந்தின் மேல் வளைவாக நிற்கும் மண், நிலத்தடி நீர் தாழும்போதோ, உடைந்த குழாயின் நீர் ஊறும்போதோ ஒரு நாள் உள்ளே விழும். இத்தகைய நிலத்தில் துளையிடும் கருவி கடினத்தைத் தொட்டது என்பது ஆய்வின் முடிவாகாது. ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழர்க்கு நன்கு அறிமுகமான சான்று மலேசியாவில் உண்டு. பத்துமலை முருகனின் குகை சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவானது; அவ்வகைப் பாறையே கோலாலம்பூரின் அடியிலும் புதைந்து கிடக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தில் அடிப்பாறை சீராக இல்லை என்பதை ஆய்வு காட்டியது. கோபுரங்கள் சுமார் 60 மீட்டர் நகர்த்தப்பட்டன. பாறையின் மேல் ஊன்றுவதைக் கைவிட்டு, மண்ணின் உராய்வால் தாங்கும் ஆழ்தூண்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் சில 100 மீட்டருக்கும் ஆழமானவை. பொந்துகளில் சிமென்ட் கலவை செலுத்தப்பட்டது. ஒரு வரைபடத்தையே நகர்த்தும் அதிகாரம் அங்கே நிலவியல் அறிக்கைக்கு இருந்தது.

இங்கே அந்த அறிக்கைக்கு உள்ள இடம் என்ன? 1979இல் வெளியாகி நெடுங்காலம் துறையை வழிநடத்திய ஐ.எஸ். 1892 நெறி, சுமார் 0.4 ஹெக்டேர் மனைக்கு நான்கு மூலைகளில் நான்கும் நடுவில் ஒன்றுமாக ஐந்து துளைகள் போதுமானவை என்றது. சிறு கட்டடங்களுக்கு நடுவில் ஒன்றே போதும் என்றது. கணக்கிட்டுப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஐந்து துளைகள் அம்மனையில் ஏறத்தாழ நாற்பத்தையாயிரத்தில் ஒரு பங்கையே தொடுகின்றன. மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு பொந்து எங்கோ ஓரிடத்தில் இருந்தால், அதை இவ்வைந்தில் ஒன்று சந்திக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அடுக்குகளின் மாற்றத்தை வெளிப்படுத்தும் வகையில் துளைகள் அமைய வேண்டும் என்றும் அதே நெறி கூறுகிறது. அந்த வரி மறக்கப்பட்டு, ஐந்து என்னும் எண் மட்டும் நினைவில் நின்றதே பிழை.

எண்ணைவிடக் கொடியது நிறுத்தும் பழக்கம். 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து மண்ணின் உறுதியை அளக்கிறார்கள். குழல் இறங்க மறுத்தால் 'கடினப் பாறை' என்று எழுதித் துளையை முடிக்கிறார்கள். பாறைக்குள் மேலும் பல மீட்டர் இறங்கி மாதிரி எடுப்பதில்லை. துளையிடும் நீர் எங்கே மறைந்தது என்று குறிப்பதில்லை. துளைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை மின்தடை அளவீட்டால் சோதிப்பதில்லை.

இப்பழக்கம் வெட்டுக்கல் நாட்டிலும் அதே பொய்யைத்தான் சொல்லும். 1807இல் அங்காடிப்புறத்துக் கல்லை வைத்து பிரான்சிஸ் புக்கானன் உலகுக்கு அறிமுகப்படுத்திய இக்கல், மேலே கடினம்; கீழே பல இடங்களில் மென்களிமண். அதற்கும் கீழே தனித்து நிற்கும் உருண்டைப் பாறை அடிப்பாறைபோல் நடிக்கும். 2023 ஜூலையில் விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலாவில், சுமார் 90 அடி ஆழக் கிணற்றின் சீரமைப்புப் பணியில் மண் சரிந்து ஒரு தொழிலாளி புதையுண்டார்; இரண்டு நாள் போராட்டத்திற்குப் பின் உடலே கிடைத்தது. அது கட்டடம் அன்று, கிணறு. ஆயினும் மேல்நிலத்தின் உறுதி கீழ்நிலத்திற்குச் சான்றாகாது என்பதை அதைவிடக் கொடுமையாக உணர்த்த இயலாது.

செலவு என்னும் மறுப்பு எழும். ஐந்து சென்ட் மனையில் கடன் வாங்கிக் கட்டுபவரிடம் ஆழ்துளை ஆய்வு கேட்பது முறையா? முறையன்று. ஆனால் எல்லைக் கிராமங்களில் பெரும்பாலான முற்றங்களில் ஒரு கிணறு இருக்கிறது. ஒவ்வொரு கிணறும் முன்பே செலவழித்துத் தோண்டிய ஆய்வுக்குழி. எத்தனை கோல் வெட்டுக்கல், எங்கே களிமண், எங்கே பாறை என்பது கிணறு வெட்டியவரின் நினைவில் இருக்கிறது. அதைப் பதிவு செய்ய எந்திரம் வேண்டியதில்லை. நோட்டும் அளவுநாடாவும் நடக்கும் மனமும் போதும். இருபுறமும் உள்ள கல்லூரிகள் ஆண்டுதோறும் மாணவர் ஆய்வேடுகளை அச்சிட்டு அடுக்குகின்றன. அவற்றுள் பத்தில் ஒன்று இப்பணிக்குத் திரும்பினால் ஊர்தோறும் ஒரு நிலத்தடி வரைபடம் உருவாகும்.

அடுக்குமாடிகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. கோடிகளில் கட்டுவோர், பாறையின் வகைக்கேற்ப ஆய்வின் ஆழத்தையும் முறையையும் தீர்மானிக்கும் நிலவியலாளரின் கையொப்பத்தோடு வரட்டும். 'கடினம் தட்டியது' என்ற இரு சொற்களில் முடியும் அறிக்கையை, அது எந்தப் பேராசிரியரின் முத்திரையோடு வந்தாலும், திருப்பி அனுப்பும் துணிவு அனுமதி வழங்குவோர்க்கு வேண்டும். அத்தகைய அறிக்கையில் முத்திரை இட மறுக்கும் துணிவு பேராசிரியர்க்கு அதற்கு முன்பே வேண்டும்.