மொழியுரிமை இல்லாத குடிமைப் பாடமா?

அமெரிக்க ஒன்றிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளில், கல்லூரித் தரத்திற்கு ஒப்பாகக் கற்பிக்கப்பெறும் அரசியல் பாடம் ஒன்றுண்டு. கல்லூரி வாரியம் என்னும் அமைப்பு அதனை வகுத்துத் தேர்வும் நடத்துகின்றது. அரசியலமைப்பு, விடுதலை அறிவிப்பு, மார்ட்டின் இலூதர் கிங்கு பர்மிங்காம் சிறையிலிருந்து வரைந்த மடல் உள்ளிட்ட 9 அடிப்படை ஆவணங்களையும், 14 உச்சநயன்மன்றத் தீர்ப்புகளையும் மாணவர் கட்டாயம் கற்றல் வேண்டும். நல்ல ஏற்பாடே! ஆயின், அப்பட்டியலில் மொழியுரிமை பற்றிய தீர்ப்பு ஒன்றேனும் இல்லை!

அத்தகு தீர்ப்பே பிறக்கவில்லையா? பிறந்தது. 1919இல் நெபுராசுகா மாநிலம் ஒரு கொடுஞ்சட்டம் இயற்றிற்று. எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்குப் பிறமொழி கற்பித்தல் குற்றம் என்றது அது. முதல் உலகப்போர் மூட்டிய செருமானியப் பகையே அதன் வேர். பத்து அகவைச் சிறுவனுக்குச் செருமானிய மொழியில் படிக்கக் கற்பித்த இராபர்ட்டு மேயர் என்னும் ஆசிரியர்க்கு 25 தாலர் தண்டம்! அவர் பணிந்தாரல்லர். 1923இல் உச்சநயன்மன்றம் அத்தண்டத்தைச் செல்லாதாக்கிற்று. மொழி கற்பிக்கும் ஆசிரியரின் உரிமையும், தம் மக்கட்கு அதனைக் கற்பிக்கச் செய்யும் பெற்றோரின் உரிமையும் அரசியலமைப்பு காக்கும் உரிமைகளே என்று தீர்த்தது.

எல்லாத் தீர்ப்பும் ஒரு பாடத்துள் அடங்குமோ என்பர் சிலர். அடங்கா, உண்மையே. ஆயின், முன்பு 15ஆக இருந்த பட்டியல், கருக்கலைப்புரிமைத் தீர்ப்பை உச்சநயன்மன்றமே 2022இல் தள்ளியபின் 14ஆகச் சுருங்கிற்று. ஒழிந்த அவ்விடத்தில் மேயர் வழக்கை வைத்தால் பாடம் கனத்துவிடுமோ? வியத்துநாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவரின் உரிமையைக் காத்த 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பு பட்டியலில் உள்ளது. கையில் கட்டிய துணிக்கு உள்ள இடம், நாவில் ஊறிய தாய்மொழிக்கு இல்லையா?

இது பழஞ்செய்தியன்று. அமெரிக்க அரசியலமைப்பு எம்மொழியையும் அலுவல்மொழி எனக் கூறவில்லை. 2025 மார்ச்சு 1 அன்று குடியரசுத் தலைவர் திரம்பு தம் ஆணையொன்றால் ஆங்கிலத்தை அலுவல்மொழியாக்கினார். அவ்வாணையை எடைபோட வேண்டிய இளைஞன், மேயரின் பெயரையே அறியாமல் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் பெற்று வெளியேறலாம்!

மொழியுரிமை அறியாதவன் முழுக் குடிமகன் ஆகான். வாரியம் அவ்வழக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். சேர்க்கும்வரை ஆசிரியர்கள் தாமே அதனைக் கற்பிக்கட்டும். மேயர் காட்டிய வழி அதுவே!