விற்றால் காசு, விற்காவிட்டால் வீட்டுக்கு

எமது சில்லறைக் கடைகளின் கண்ணாடிக் கூலர்களில் சோடாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் கப்கள் வரிசையாக இருப்பதை இன்று எல்லா ஊர்களிலும் காண்கின்றோம். வட்டிலப்பம், பிஸ்கட் புடிங், கரமல் புடிங், மாம்பழ மூஸ், பழங்கள் போட்ட கடற்பாசி. ஒரு காலத்தில் பெருநாளைக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் என்றிருந்தவை இவை. இவற்றில் பெரும்பகுதி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வருவதில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சகோதரியின் குசினியிலிருந்து வருகின்றன.

இந்தச் சகோதரிகளுடன் வர்த்தகர்களாகிய நாம் வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல் சரியானதா என்பதுதான் எனது கேள்வி. கம்பனி வான் வந்தால் பில்லைப் பார்த்துக் காசோ செக்கோ கொடுக்கின்றோம். இவர்களிடம் மட்டும் "வெச்சிட்டுப் போங்க, வித்தாக் காசு" என்கிறோம். விற்காததை மூன்றாம் நாள் திருப்பிக் கொடுக்கின்றோம். கம்பனிகளும் திகதி முடிந்த சாமானைத் திருப்பி எடுக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். கம்பனிக்கு அந்த நட்டம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. முப்பது கப் செய்பவருக்கு அப்படி அடக்க இடமில்லை.

நானும் இதைத்தான் செய்தேன். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். எமது கடைக்கு மாம்பழ மூஸ் தரும் ராத்தா ஒருவர் இருக்கிறார். அந்த நாட்களில் ஒரு பிற்பகல், கூலரில் இருந்த அவருடைய கப்கள் முழுவதும் இளகித் தண்ணீராகி விட்டன. ஒரு சதமும் கொடுக்காமல் அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். கூலர் எனது, கரண்ட் எனது கடைக்கு வராத கரண்ட், நட்டம் மட்டும் அவருடையது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மூஸ் வரவில்லை. வட்டிலப்பமும் அன்னாசிக் கடற்பாசியும் வந்தன.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "ஜெலட்டின் போட்டா ஒங்கட கூலர் வேல செய்யணும் தம்பி. கடப்பாசி கரண்ட் இல்லாட்டியும் நிக்கும்" என்றார்.

பிறகுதான் இந்தத் தொழிலில் எவ்வளவு விடயம் இருக்கிறது என்று விளங்கியது. ஜெலட்டின் 30, 35 பாகைச் சூட்டில் இளகிவிடும். எமது கிழக்கின் பகல் வெயிலே அவ்வளவுதான். கடற்பாசியோ ஒருமுறை இறுகினால் மீண்டும் உருக சுமார் 85 பாகை வேண்டும். பச்சை அன்னாசியையும் பப்பாசியையும் ஜெலட்டினில் போட்டால் இறுகவே இறுகாது. அவற்றிலுள்ள நொதியம் ஜெலட்டினைக் கரைத்துவிடும். பழத்தை முதலில் சில நிமிடம் கொதிக்க வைத்தே சேர்க்க வேண்டும். கடற்பாசி புரதமல்ல என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெஷன் புரூட் போன்ற புளிப்புச் சாற்றைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் இறுக்கம் குறையும், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும். பாலையும் கிறீமையும் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு ஊற்றினால் 40 பாகைக்குக் கிட்டத்தில் கடற்பாசி இறுகத் தொடங்குவதால் கட்டி கட்டியாகி விடும். மிதமாகச் சூடாக்கித்தான் ஊற்றுவார். கடற்பாசி கூடினால் கப் ரப்பர் மாதிரி ஆகிவிடும், குறைந்தால் நிற்காது. பல கப்களை வீசித்தான் இந்த அளவு அவருக்குக் கைக்கு வந்ததாம்.

கிறீம் அடிப்பது இன்னொரு கதை. பாற்கிறீமில் கொழுப்பு நூற்றுக்கு 30க்கு மேல் இருக்க வேண்டும், குளிர் 10 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரைத்து நிற்காது. அதனால் பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் இரவே பிரிட்ஜில் வைத்து, குசினி சூடாகுமுன், சுபஹுக்கு முன் எழும்பி அடிக்கிறார். நாம் கடை திறந்து கூலருக்குள் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்து, பெரிய உதவி செய்ததாக நினைத்துக் கொள்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு கப்புக்குச் சாமான், கேஸ், மூடியோடு கப் எல்லாமாக 120 ரூபா செலவு. எமக்கு 160க்குத் தருகிறார், நாம் 200க்கு விற்கிறோம். 30 கப்பில் 8 திரும்பினால் அவர் கைக்கு வருவது 22 கப்பின் 3,520 ரூபா. அவருடைய செலவோ 3,600. 80 ரூபா நட்டம், உழைப்பு வேறு. அதே நாளில் எமக்கு 880 ரூபா இலாபம். இங்கே 30 கப் கொண்டுவரச் சொன்னது யார்? நாம்தான். மிஞ்சினால் எமக்கு நட்டமில்லை என்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறோம். அந்த 30க்கும் காசு கொடுத்திருந்தால் 400 ரூபா எமக்கு நட்டம். அடுத்த நாளே சரியாக 22 என்று ஓடர் சொல்லியிருப்போம். அப்போது அவருக்கும் 880, எமக்கும் 880.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் கூலரை ஓஃப் பண்ணிவிட்டுப் போகும் பழக்கம் எம்மில் பலரிடம் உண்டு. சோடாவுக்கு அது பரவாயில்லை. பாலும் முட்டையும் உள்ள சாமான் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். காலையில் மீண்டும் குளிர்ந்துவிட்டது என்பதற்காக இரவில் பழுதானது நல்லதாகி விடாது. வாடிக்கையாளருக்கு வயிற்றில் கோளாறு வந்தால் பெயர் கெடுவது செய்தவருக்கு.

வீட்டுச் சாமான் ஒரு நாள் போல் ஒரு நாள் இருப்பதில்லை என்று நண்பர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. பச்சை முட்டை வெள்ளைக் கருவை அடித்து வேகவைக்காமல் செய்யும் மூஸை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், சல்மொனெல்லா கிருமி விளையாட்டல்ல. ஜெலட்டின் போட்டால் எதிலிருந்து எடுத்தது என்று பக்கட்டைக் காட்டச் சொல்வேன். பாற்கிறீமுக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கிறீம் போட்டால் அதுவும் லேபலில் இருக்க வேண்டும். அது சூட்டைத் தாங்கும், செலவும் குறைவு, தவறில்லை. மறைப்பதுதான் தவறு. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இவற்றையெல்லாம் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. "வித்தாக் காசு" என்கிறவன் எந்த வாயால் கேட்பது?

இப்போது முதல் நாள் மஃரிபுக்குப் பிறகு எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கப் வந்தவுடன் காசு. நோன்பு காலத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் போன் பண்ணி "இப்தாருக்கு அம்பது ஏலுமா" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன்.

மாம்பழம் மலிந்த மாதத்தில் மூஸ் மீண்டும் வந்தது, 22 கப். இரண்டு மிஞ்சின. என்னுடைய கணக்கில் எழுதிவிட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன், பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.