எல்லையைக் காட்டி ஆலையை மறைப்பதா?

போதைப்பொருள் என்றவுடன் எல்லைக்கு அப்பால் விரல் நீட்டுவது ஒன்றிய ஆட்சியாளர்களின் வாடிக்கை. ஹெராயின் எல்லை தாண்டி வருவது உண்மையே. ஆனால் மும்பைத் தெருக்களில் 'எம்.டி.', 'மியாவ் மியாவ்' என்ற பெயர்களில் விற்கப்படும் மெஃபெட்ரோன் எங்கே பிறக்கிறது?

2022 ஆகஸ்டில் குஜராத்தின் அங்கலேஸ்வரில் ஓர் ஆலையில் 513 கிலோ பிடிபட்டது. 2024 பிப்ரவரியில் புனே காவல்துறை பிடித்த 1,700 கிலோவுக்கும் அதிகமான சரக்கின் ஊற்றுக்கண், குர்கும்ப் தொழிற்பேட்டையின் ஓர் ஆலை. அதே ஆண்டு அக்டோபரில் போபாலை அடுத்த பக்ரோடா தொழிற்பேட்டையில் 900 கிலோவுக்கு மேல் சிக்கியது. மூன்றும் பாஜகவோ அதன் கூட்டணியோ ஆண்ட மாநிலங்கள். எந்த எல்லை வேலியைத் தாண்டி வந்தது இந்தச் சரக்கு?

காத் செடியின் இலையில் இயற்கையாக உள்ள கேத்தினோனின் செயற்கை வடிவமே மெஃபெட்ரோன். சிறிது நேரமே நீடிக்கும் கிளர்ச்சி அடங்கியதும் மீண்டும் மீண்டும் உட்கொள்ளத் தூண்டுவது இதன் கொடுமை. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும், உடல் கொதிக்கும், உறக்கம் கெடும், அச்சமும் சந்தேகமும் முற்றி மனநோயாக மாறும், மரணமும் நேரும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது.

பிரிட்டன் 2010லேயே இதைத் தடை செய்தது. இந்தியாவிலோ 2015 பிப்ரவரியில்தான் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. 2 கிராம் வரை சிறிய அளவு. 50 கிராமுக்கு மேல் வணிக அளவு, தண்டனை 10 முதல் 20 ஆண்டுகள். அங்கலேஸ்வரில் பிடிபட்டது வணிக அளவைப்போல் பத்தாயிரம் மடங்கு!

ஆலையைத் தெரிந்தே இதற்கு விட்டவரைத் தண்டிக்க 25ஆம் பிரிவும், பணம் போட்டவரைத் தண்டிக்க 27ஏ பிரிவும் உண்டு. சிகிச்சைக்கு முன்வரும் அடிமைப்பட்டவரை வழக்கிலிருந்து விடுவிக்க 64ஏ பிரிவும் உண்டு. ஆயினும் நாட்டில் பதிவாகும் போதை வழக்குகளில் பெரும்பகுதி சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருந்தோர் மீதே. பொட்டலம் வைத்திருந்த இளைஞன் கூண்டில் நிற்கிறான். முதல் போட்டவன் முகமற்றவனாகவே இருக்கிறான்.

இது தற்செயலா? 'இன்ஸ்பெக்டர் ராஜ்' ஒழிப்பு என்ற பெயரில் ஆலை ஆய்வைத் தளர்த்தியவர்கள் யார்? ஆய்வாளர் கால் வைக்காத ஆலையில் தொழிலாளியின் பாதுகாப்பும் இல்லை. கொதிகலனில் என்ன வேகிறது என்று கேட்க ஆளும் இல்லை. முதலாளிகளின் லாபவெறிக்குக் கதவு திறந்தவர்கள், 'போதையில்லா பாரதம்' என்று உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார்கள். போதைக்கு அடிமையானோரில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 20 பேரில் ஒருவரே என்று 2019இல் ஒன்றிய அரசின் ஆய்வே ஒப்புக்கொண்டது. உறுதிமொழி நோயைத் தீர்க்குமா?

ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் கட்டணமில்லாப் போதை மீட்புச் சிகிச்சை. வேதிப்பொருள் ஆலைகளில் முறையான ஆய்வு. ஆலை உரிமையாளர் முதல் நிதியளித்தவர் வரை விசாரணை. அடிமைப்பட்டவருக்குச் சிறைக்கு மாறாகச் சிகிச்சை. இக்கோரிக்கைகளைத் தொழிற்பேட்டைகளின் வாயிலுக்கும் மாணவர், வாலிபர் அரங்குகளுக்கும் எடுத்துச் செல்வது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமை.